கம்பம் நடக்கூடாத தெரு

கின்போத் மாதம் 12, செவ்வாய்

எங்கள் தெருவுக்கான விதி கையெழுத்தாகிவிட்டது. நடைபாதை, சைக்கிள் தடம், மர வரிசை – இவற்றின் மேல் எதையும் நடவோ கட்டவோ கூடாது, விதிவிலக்கு கிடையாது. அந்தக் கடைசிச் சொற்கள் என்னுடையவை. நகராட்சி அலுவலகத்தில் கைதட்டினார்கள். தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்தே பார்க்க வருவார்களாம். கார்க்காரர்களோடும் கடைக்காரர்களோடும் வருடக்கணக்காக மல்லுக்கட்டி வாங்கிய நிழல் இது. ஒருவனுக்கு இடம் கொடுத்தால் நாளைக்கு ஊரே கம்பம் நடும்.

மாலையில் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். தடியில்லாமல் நடந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கின்போத் 21, வியாழன்

எதிர்வீட்டு ஃபந்தாயேயின் கணவர் அஸ்ஃபா இறந்துவிட்டார். நேற்றுகூட, "என்ன வுபித், ஒன் மரத்துக்கெல்லாம் சம்பளம் உண்டா?" என்று வம்புக்கு இழுத்தார்.

கின்போத் 22, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பினோம். இத்திர் – எங்கள் தெருவின் சாவுச் சங்கம் – வழக்கம்போல ஃபந்தாயே வாசலில் துக்கக் கூடாரம் கட்டிக்கொண்டிருந்தது. நகராட்சிக் காவலர்கள் வந்தார்கள். கம்பங்களைப் பிடுங்கி வண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள். மூன்று நாளும் ஊரே வந்து உட்கார வேண்டிய இடம் அது. அவளுக்கு இருப்பதோ ஒரே அறை. மழை வேறு. வந்தவர்கள் நனைந்தபடி நின்று தலையாட்டிவிட்டுக் கிளம்பினார்கள். "உக்காருங்க, போயிடாதீங்க, உக்காருங்க" என்று அவள் ஒவ்வொருவரிடமும் கெஞ்சினாள். எங்கே உட்கார்வது?

சங்கத் தலைவர் தெமிஸ்ஸே கத்தினார்: "எவன்யா இந்தச் சட்டத்த எழுதுனவன்? அவன் வீட்ல சாவே விழாதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நகராட்சியில் வேலை பார்ப்பவள் என்று. நான் என்ன சொன்னேன்? "அதானே" என்றேன். அதானே! த்தூ.

ஸெனே 1, ஞாயிறு

சங்கக் கூட்டம். நகராட்சியில் போய்ப் பேச ஓர் ஆள் வேண்டுமாம். "நம்ம வுபித் இருக்காளே, படிச்சவ, உள்ளயே இருக்கறவ" என்றார் தெமிஸ்ஸே. எல்லோரும் கை தூக்கினார்கள். ஃபந்தாயேயும் தூக்கினாள். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

உண்மை தெரிந்தால் எங்கள் வீட்டின் பேரைச் சங்கத்திலிருந்து அடித்துவிடுவார்கள். பேர் அடிபட்ட வீட்டுச் சாவுக்கு ஒருவரும் தோள் கொடுக்க மாட்டார்கள். அம்மாவுக்கு எண்பதாகப் போகிறது. நான் ஒருத்தியாகத் தூக்கவா முடியும்?

ஸெனே 9, திங்கள்

என் மேலதிகாரி கெப்ருவிடம் போனேன். துக்கக் கூடாரத்துக்கு மட்டும் விலக்குத் தரலாமா என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

"அம்மா தாயே, சாவுக்கு ஜனங்க என்ன பண்ணுவாங்கன்னு நான் அன்னைக்கே கேட்டேன். 'மண்டபம் புடிச்சுக்கட்டும்'னு சொன்னது யாரு?"

நான்தான். டீயைக் குடித்துக்கொண்டே சொன்னேன். எந்த மண்டபம்? எங்கள் தெருவில் யார் மண்டபம் பிடித்திருக்கிறார்கள்? எனக்குத் தெரியாதா?

திருத்தம் எழுதிக் கொடுத்தேன். தெருவுக்கு ஓரிடம், துக்கத்துக்கு மட்டும், மூன்று நாள், சைக்கிள் தடத்தை விட்டுத் தள்ளி. மரமும் பிழைக்கும், மனிதரும் உட்காரலாம். முதலிலேயே எழுதியிருக்கக் கூடியதுதான். அதை ஏற்க வேண்டிய நகராட்சிக் குழு எப்போது கூடுமோ தெரியாதாம்.

ஸெனே 14, சனி

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள், "என்னை யாரு தூக்குவான்னு நீ கவலப்படாத. அந்தப் பொண்ணு மூஞ்சில எப்படி முழிக்கப் போறோம்னு கவலப்படு" என்றாள்.

ஸெனே 15, ஞாயிறு

கூட்டத்தில் எழுந்து நின்றேன். "அந்தச் சட்டத்த எழுதினது நான்தான்" என்றேன்.

"பேர அடிங்கய்யா!" என்றது ஒரு குரல். தெமிஸ்ஸே கையமர்த்தினார்.

"இவ அம்மா நம்ம வீட்டுச் சாவுக்கெல்லாம் வெங்காயம் உரிச்சு உரிச்சுக் கண்ணு கெட்டவ. பேர அடிக்க மாட்டேன். ஆனா வுபித், கம்பத்தப் புடுங்க வச்சவ நீ. மறுபடி கம்பம் நடற வரைக்கும் நீதான் கம்பம். சாவு விழுந்தா வந்து நில்லு."

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஃபந்தாயே என் பக்கம் திரும்பவே இல்லை.

ஹம்லே 10, வியாழன்

குழு இன்னும் கூடவில்லை.

ஹம்லே 17, வியாழன்

தெருமுனை வீட்டில் சாவு. அடைமழை. கூடாரத்துக் கித்தானின் நான்கு மூலைகளையும் நான்கு பேர் தூக்கிப் பிடித்தோம். அதற்கடியில் பெஞ்சு போட்டு ஊர் உட்கார்ந்தது. மற்ற மூலைகளுக்கு ஆள் மாறிக்கொண்டார்கள். என் மூலைக்கு யாரும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

காவலர்கள் வந்தார்கள். "கம்பம் நடக்கூடாதுன்னு தெரியாதா?"

"எங்கய்யா நட்டிருக்கு? காட்டு பாப்போம்" என்றார் தெமிஸ்ஸே.

காவலர் என்னைக் காட்டினார். "அப்ப இது?"

"அது நகராட்சிக் கம்பம். ஒங்க ஆபீசுல போய்க் கேளு."

துக்கம் கேட்க வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். என் முகமெல்லாம் எரிந்தது. கையை இறக்க முடியாது, முகத்தை மூட முடியாது. காவலர்கள் சற்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஆட்கள் நிற்கக் கூடாது என்று நான் எழுதவில்லை.

அந்தி நேரத்தில் ஃபந்தாயே, சாவு வீட்டில் கொடுக்கும் அவித்த கோதுமையும் கொண்டைக்கடலையும் தட்டில் எடுத்து வந்தாள். ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் போட்டுக்கொண்டே வந்து என் முன்னால் நின்றாள். என் கைகள் இரண்டும் கித்தானில்.

"வாயத் தொற" என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை.

திறந்தேன். ஒரு பிடி போட்டாள். மென்று விழுங்கினேன். அவள் நகரவில்லை, அடுத்த பிடியை எடுத்தாள்.