படம் நிற்கும் முன் வந்த குட்டை வரி

அன்புள்ள இன்ஜினியர் அம்மா,

திங்கட்கிழமை பொன்னேரி ஸ்டேஷனில் டிக்கெட் கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டார்கள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஏறின. வரிசையில் எல்லோரும் முணுமுணுக்க, நான் சிரித்தேன். உங்கள் நினைவு. இந்த மடலை அன்று தொடங்கி மூன்று நாளாக எழுதுகிறேன்.

அப்போது காக்களூர் கம்பெனியில் நான் பெருக்குகிறவன், நீங்கள் இன்ஜினியர். மிஷினில் பொருத்தும் திரையில் படம் வரைகிற டிரைவர் புரோகிராம் உங்களுடையது. ஓடுகிற படம் திடீரென்று நின்றுவிடும். சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொன்னது என் காதிலும் விழுந்தது.

காரணம் தெரிய, புரோகிராம் செய்கிற ஒவ்வொன்றையும் பக்கத்துத் திரையில் எழுதிக் காட்ட வைத்தீர்கள். எழுத்து கொட்டியது. படித்துப் படித்து உங்கள் கண் சிவந்தது. வியாழக்கிழமை, "பெரியவரே, டீ குடிச்சிட்டு வந்துடறேன். படம் நின்னா கூப்பிடுங்க" என்றீர்கள்.

நின்றது. கூப்பிட்டேன்.

"கடைசியா இன்னா வந்துச்சு?"

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா." இரண்டு வருஷம் மறைத்ததை அன்றுதான் சொன்னேன். "எல்லாம் நீட்டு நீட்டா போய்க்கினு இருந்துச்சு. நிக்கறதுக்கு முன்னாடி ஒரு குட்டை வரி வந்துச்சு. நேத்து பெருக்கும்போதும் அப்படித்தான்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். புரோகிராம் எழுதிக் காட்டுகிற சாதாரணச் சேதிகளையெல்லாம் அடைத்து, தப்பைச் சொல்லும் சேதியை மட்டும் விட்டீர்கள். "எல்லாரும் கத்தினா யாரு அழுவுறாங்கன்னு தெரியாது பெரியவரே" என்றீர்கள். மறுநாள் வெறும் திரையில் அந்தக் குட்டை வரி மட்டும் வந்தது. படம் நின்றது. மதியத்துக்குள் தப்பைப் பிடித்துவிட்டீர்கள். வேலை தப்பியது.

பெரியவர்தான் கண்டுபிடித்தார் என்று நீங்கள் சொன்னதும் முதலாளி சிரித்தார். "படிக்காதவரு இன்னாத்த கண்டுபிடிச்சாரு?"

"நான் படிச்சுக்கினு இருந்தேன் சார். அவரு பார்த்துக்கினு இருந்தாரு" என்றீர்கள்.

அந்தப் பதிலில் என் வெட்கம் போயிற்று. அந்த மாதமே மாலை வகுப்பில் சேர்ந்தேன். இப்போது பஸ் போர்டு, பால் கவர், மருந்துச் சீட்டு ஒன்றையும் விடுவதில்லை. கம்பெனி வாசலில் உங்கள் படம் போட்டு ஒட்டியிருந்த அஞ்சலி நோட்டீசையும் எழுத்துக்கூட்டி நானேதான் படித்தேன். படிக்கக் கற்றதற்கு வருந்தியது அந்த ஒரு நாள்தான்.

புதுப் பக்கம் கையில் வந்தால் உடனே படிக்காமல், முதலில் முழுசாக ஒரு தரம் பார்க்கிறேன். "இன்னா தாத்தா, படிக்காம பார்த்துக்கினு இருக்கீங்க?" என்கிறார் வகுப்பு டீச்சர். எனக்குப் பார்க்கத் தெரியும் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அதை விட மனசில்லை.