சைக்கிள் ஒழுங்கை

மே 20, செவ்வாய்
மகள் அபிகாயில் பள்ளிக்கூடம் விட்டு வர இன்றும் பிந்திவிட்டது. சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டதாம். அவள் சிரித்துக்கொண்டு சொல்கிறாள், நான் வாசலுக்கும் வீதிக்கும் எத்தனை தரம் நடந்தேன். வீதியை அகலமாக்கிக் காப்பெற் தார் போட்ட நாளிலிருந்து வான்காரர் பறக்கிறார்கள். போன மாதம் அவளோடு கூடப் போகிற கஜந்தினியை ஒரு வான் தட்டிக் கை முறிந்தது. அடுத்தது ஆர்? — ஏன் இதை எழுதினேன்.

மே 23, வெள்ளி
வீதிக் கந்தோரில் பொறியியலாளரைக் கண்டேன். இரு கரையிலும் கோடு கீறிச் சைக்கிளுக்கென்று ஒரு லேன் விடலாமாம், இடம் தாராளமாம். "ஊர்ச்சனம் மறுப்புச் சொல்லாட்டில் செய்யலாம், மிஸ்." இதற்கு யார் மறுப்புச் சொல்லப்போகிறார்கள்? வந்த கையோடு சனசமூக நிலையப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன்: 'நம் பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஒழுங்கை வேண்டும்.' இங்கிலீசில் லேன் என்றால் தமிழில் ஒழுங்கைதானே. படிப்பிக்கிறவள் நான்.

மே 29, வியாழன்
எதிர்வீட்டுச் சிவசுப்பிரமணியம் அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நான் என்ன செய்தேன்?

யூன் 1, ஞாயிறு
சேர்ச்சால் வரும்போது அண்ணையின் மதிலடியில் நாலைந்து பேர். நான் கிட்டப் போகக் கதை நின்றுவிட்டது. என்னத்தைக் கதைக்கினம்? என்ரை பிள்ளையைப் பற்றியோ?

யூன் 6, வெள்ளி
சனசமூக நிலையத்தில் கூட்டம். நான் வாய் திறக்க முதலே அண்ணை எழும்பிவிட்டார்.
"பிள்ளை, உம்மடை மகள் சைக்கிள் ஓட எங்கடை வளவுக் காணிக்குள்ளாலை ஒழுங்கை விட ஏலாது. கடன்பட்டுக் கட்டின மதில்."
"ஆருடைய வளவு? என்ன மதில்?"
பிறகுதான் விளங்கியது. கடவுளே, ஒழுங்கை. இந்த ஊரில் ஒழுங்கை என்றால் வேலியை உள்ளே அரக்கி, இரண்டு வளவுக்கு நடுவே விடுகிற பாதை. அரையடி வேலிக்காக ஆயுள் முழுக்க வழக்கென்று கோட்டுக்கு அலைகிற சனத்திடம் போய் அந்தச் சொல்லைக் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன், மொக்குப் பெட்டை.
"மதிலிலை ஒரு கல்லும் அசையாது அண்ணை. தார் றோட்டிலை ஒரு கோடு மட்டும்தான்."
"உவ்வளவுதானோ?"
"ஓம்."
"அப்ப கோடெண்டு எழுதியிருக்கலாமே."
சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "றோட்டிலை எங்கடை பக்கத்து ஆக்கள் எல்லாரும் போன கிழமையே மறுப்பு எழுதிக் குடுத்திட்டம், பிள்ளை."

யூலை 8, செவ்வாய்
கோடு கீறியாயிற்று. எங்கள் வீட்டுப் பக்கம், பட்டணம் போகிற பக்கம் மட்டும். அண்ணை என்னோடு கந்தோருக்கு வந்து மறுப்பைத் திருப்பி எடுக்கிறோம் என்று கெஞ்சிப் பார்த்தார். மற்றப் பக்கம் இனி அடுத்த வருடம்தானாம். ஆனாலும் காலையில் பிள்ளைகள் கோட்டுக்குள்ளே நிரையாகப் போவதைப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது. பாதியாவது கிடைத்ததே.

யூலை 14, திங்கள்
பாதி கிடைத்ததாம். பின்னேரம் கடைக்குப் போனபோது கண்டேன். எல்லாப் பிள்ளைகளும் அந்த ஒரே கோட்டுக்குள்ளேயே திரும்பி வருகிறார்கள், வாகனங்களுக்கு நேரெதிரே. முன்னுக்கு என்ரை பிள்ளை. ஒரு வான் அவளை உரசினாற்போல் போனது.
"இதிலைதானே அம்மா எங்களுக்கு இடம் இருக்கு" என்கிறாள்.
கத்தினேன். பிறகு குசினிக்குள் அடுப்படியில் போய் நின்றேன். நான் பேசாமல் இருந்திருந்தால் திரும்பி வருகிற தன் பக்கத்தாலேயே வந்திருப்பாள். நான்தானே செய்தேன். நான்தானே.

யூலை 15, செவ்வாய்
எங்கள் அதிபரிடம் கேட்டுக் கடைசிப் பாடத்துக்கு முன்னமே வெளிக்கிட்டு, சைக்கிளில் அவளுடைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாசலில் என்னைக் கண்டு அபிகாயிலுக்கு ஒரே வெட்கம். கோடில்லாத பக்கத்தால் வந்தோம். அவள் கரையில், நான் றோட்டுப் பக்கம். மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக எங்களுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். ஒரு வான்காரன் ஹோனில் வைத்த கையை எடுக்காமல் பின்னால் வந்தான். நான் விலகவில்லை. கோப்பாய்ச் சந்தி வரைக்கும் அந்த வான் எங்களுடைய வேகத்தில்தான் வந்தது.