வீட்டைச் சுற்றி மூன்று கல்லூரிகள்

என் அருமை மகளுக்கு,

“அப்பா, நாம பாக்கப்போற மூணு காலேஜுல, பின்னாடி டாக்டருக்குப் படிக்க எது நல்லது?” என்று கேட்டாய். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

மூன்றும் இங்கே அயோவாவில், வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கின்றன. வடக்கே பக்கத்து மாநிலத்தில் நீ ஆசைப்பட்ட மின்னசோட்டாக் கல்லூரியை உன் பட்டியலில் காணோம். பக்கத்து வீட்டு டுவேன் சிரிக்கிறார்: “உங்க பொண்ணு காலேஜ் தேடுறாளா, இல்ல உங்களைச் சுத்தி வேலி போடுறாளா, வாத்தியாரே?”

விடை தெரிந்தும் கை தூக்காத பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. பக்கத்தில் இருப்பவனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீ என் டயாலிசிஸ் நாற்காலியைப் பார்க்கிறாய்.

இதுவரை நீ கூட்டிப்போன டயாலிசிஸுக்கு இனி டுவேன் என்னைக் கூட்டிப்போவார். கத்தாதே, பேசி முடித்துவிட்டேன். மின்னசோட்டாவில் சுற்றிப் பார்க்க உன் பெயரையும் பதிந்துவிட்டேன்.

சனிக்கிழமை காரை எடு. நம் ஊர்க் கல்லூரிக்குத் திரும்பும் இடம் வந்ததும், திரும்பாமல் வடக்கே நேராகப் போ.

உன் அப்பா