காருக்குக் கட்டிய காப்பு

நெய்வேலி
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் சிங்காரவேலுவுக்கு அப்பா சொல்லச் சொல்ல உன் தம்பி பெண்சாதி விருத்தாம்பாள் எழுதுவது. இங்கே உன் அம்மா, தம்பி ராஜேந்திரன், அவன் பிள்ளைகள் எல்லோரும் மாரியம்மன் புண்ணியத்தில் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். பினாங்கில் நீயும் மருமகள் வீரம்மாளும் பேரப்பிள்ளைகளும் அப்படியே இருக்கிறீர்கள் என்று காகிதம் வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். ராஜேந்திரனுக்கு இந்த வாரம் மைன்ஸில் பகல் ஷிப்டு. உன் அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, ஆனாலும் குழாயடிக்குப் போகாதே என்றால் கேட்பதில்லை. உன் கார் குவார்ட்டர்ஸ் பின்னால் வேப்ப மரத்தடியில் நீ மூடிவிட்டுப் போன படுதாவோடு நிற்கிறது, லாரி ஓட்டுகிற பழனிசாமி நீ சொன்னபடி வாரத்துக்கு ஒரு தரம் வந்து ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைத்துவிட்டுப் போகிறான். காருக்கு ஒரு குறையும் இல்லை. நான் சொல்ல வந்தது காரைப் பற்றித்தான், ஆனால் கெட்டது கார் இல்லை.

வைகாசியில் நீ கப்பலில் இருந்து காரை இறக்கி மெட்ராஸில் இருந்து ஓட்டிக்கொண்டு வந்தாயே, அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு என்னிடம் சொன்னாய். மலேயாவில் கட்டின இன்சூரன்ஸ் மலேயாவோடு சரி, எல்லை தாண்டினால் செல்லாது, அதனால் இங்கே இறங்கினதும் புதிதாக ஒன்று கட்டிவிட்டுத்தான் ரோட்டில் ஏற்றினேன் என்றாய். இன்சூரன்ஸ் என்றால் என்னடா என்று கேட்டேன். எனக்கு விளங்கட்டும் என்று, "காருக்குக் காப்பு கட்டற மாதிரிதாம்பா, தை மாசம் வரைக்கும் இருக்குது" என்றாய். நீ அவசரமாகத் திரும்பிப் போக வேண்டி வந்து சாவியை என் கையில் கொடுத்தபோதும், காப்பு தை வரைக்கும் இருக்குது, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னாய். நீ சொன்னதில் ஒரு சொல்கூட நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காப்பு என்றாய், எல்லை என்றாய், தாண்டினால் செல்லாது என்றாய், மூன்றையும் என் புத்தி ஒரே முடிச்சாகப் போட்டுக்கொண்டது. திருவிழாவுக்கு அம்மனுக்குக் காப்பு கட்டினால் கழற்றுகிற வரைக்கும் ஊர் எல்லை தாண்டக் கூடாது, எனக்குத் தெரிந்த காப்பு அது ஒன்றுதான். நீ கைக்குழந்தையாக இருக்கும்போது ஊரில் காப்பு கட்டின மறுநாள் பக்கத்து ஊரில் என் தமக்கை செத்துப்போனாள், எனக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். நான் போகவில்லை. எல்லைக்கல்லண்டை நின்றுகொண்டு மேளச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினேன். அவளுக்கே தாண்டாதவன் வேறு யாருக்குத் தாண்டுவேன் என்று எனக்குள்ளே ஒரு வீம்பு இருந்திருக்கிறது.

ஆடிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பாவாடை ஓடிவந்தான். நம் ஊர் சக்கரபாணியின் மகன், மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு காண்டிராக்ட் வேலைக்குப் போகிறவன், உனக்கு ஞாபகம் இருக்கும். அவன் பெண்சாதி நாகம்மாளுக்குத் தலைப்பிரசவம், பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று நர்சம்மா சொல்லிவிட்டாளாம். பஸ் அப்போதுதான் போயிருந்தது. கையோடு பழனிசாமியையும் இழுத்து வந்திருந்தான். "மாமா, சாவியக் குடுங்க, பழனி ஓட்டறன்னு சொல்றான்" என்று கேட்டான். விருத்தாம்பாள் அன்றைக்குப் பண்ருட்டி போயிருந்தாள், ராஜேந்திரன் ஷிப்டில் இருந்தான், வீட்டில் நானும் உன் அம்மாவும்தான். சாவி என் மடியில் இருந்தது. வண்டிக்குக் காப்பு கட்டியிருக்குதுடா, தை வரைக்கும் எல்லை தாண்டக் கூடாதுன்னு பெரியவன் சொல்லிட்டுப் போயிருக்கான் என்றேன். பழனிசாமி வெளியூர்க்காரன், காருக்கு என்னாங்க காப்பு, நல்ல கூத்தா இருக்குதே என்று சண்டைக்கு வந்தான். அவனைப் பாவாடைதான் அடக்கினான். "சும்மா இரு பழனி. காப்புன்னா காப்புதான், தெரியாம பேசாத" என்றான். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி ஓடினான். அவன் கொஞ்சம் எதிர்த்துப் பேசியிருந்தால் நான் கொடுத்திருப்பேனோ என்னவோ. என்னைப் போலவே நம்புகிறவனிடம் போய் அதைச் சொன்னேனே, அதுதான் அறுக்கிறது. அடுத்த பஸ்ஸில் அந்தப் பெண்ணைப் பின் சீட்டில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள், நின்று நின்று போகிற பஸ். நாகம்மாள் பிழைத்தாள். பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை, ஆண் பிள்ளை.

சாயங்காலம் ராஜேந்திரன் வந்து கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு, "ஊரையே தோண்டிக் கரி எடுத்துக்கினு இருக்கோம், நீங்க எந்த எல்லையப்பா காத்துக்கினு இருந்தீங்க?" என்றான். அவன் விளக்கின பிறகுதான் தெரிந்தது, நீ சொன்ன எல்லை தேசத்தின் எல்லை, இங்கே கட்டினது இந்த தேசம் முழுவதும் செல்லும். அதுவும் வண்டி போகக் கூடாது என்பதற்காகக் கட்டுகிறது இல்லையாம், வண்டி யாரையாவது இடித்துவிட்டால் அடிபட்டவனுக்கு ஈடு கொடுப்பதற்காகக் கட்டுகிறதாம். அப்படியென்றால் அது ரோட்டில் போகிற பிறத்தியாருக்காகக் கட்டின காப்பு. அதைக் காட்டித்தான் நான் ஒருத்தனைத் திருப்பி அனுப்பினேன். நீ காப்பு என்று சொன்னதில் தப்பில்லை அப்பா, அதை நினைத்து நீ மனசை உடைத்துக்கொள்ளாதே. எனக்கு விளங்கட்டும் என்று சொன்னாய், விளங்கிவிட்டது என்று நான் இருந்துவிட்டேன், திருப்பி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதிலே இன்னொன்றும் இருக்கிறது. பாவாடை என்மேல் குறை சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் என்னைப் பேசினபோது, கிழவர் மேல குத்தம் இல்ல, காப்பு கட்டிட்டா அவருதான் என்னா செய்வாரு என்று எனக்காகப் பரிந்து பேசியிருக்கிறான். நாகம்மாளும் அம்மன் கணக்கு என்று ஆறியிருக்கிறாள். உன் அம்மா, அவன் ஆறிக்கிடக்கிறான், நீங்கள் போய்க் கிளறாதீர்கள் என்றாள். அது சரி என்றுதான் சில நாள் இருந்தேன். வழியில் பார்க்கும்போதெல்லாம் மாமா சாப்ட்டீங்களா என்று கேட்பான், எனக்குச் செருப்பால் அடித்தது போல இருக்கும். முந்தாநாள் மந்தாரக்குப்பம் போய் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், அது அந்தக் காப்பு இல்லைடா, நான்தான் தப்பாக விளங்கிக்கொண்டேன் என்று. "அப்ப வண்டி கடலூரு வரைக்கும் போயிருக்குமா?" என்று கேட்டான். போயிருக்கும் என்றேன். சரிங்க பெரியவரே என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். சக்கரபாணி மகன் பிறந்ததில் இருந்து என்னை மாமா என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டது கிடையாது.

அதனால் நீ எனக்கு ஒன்று எழுத வேண்டும். பழனிசாமி உன் காரை ஓட்டினால் அந்த இன்சூரன்ஸ் செல்லுமா, செல்லாதா. ராஜேந்திரன் இரண்டு பேரைக் கேட்டான், லைசென்சு இருக்கிற எவனும் ஓட்டலாம் என்கிறார் ஒருத்தர், உன் பேருக்கு மட்டும்தான் என்கிறார் இன்னொருத்தர். செல்லாது என்றால் அவன் பேரையும் சேர்க்க என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய். இன்னொரு தரம் யாராவது அந்த மாதிரி ஓடிவந்தால் சாவியைக் கொடுக்கத்தான் போகிறேன், ஆனால் வழியில் எவன் மேலாவது இடித்துவிட்டால் அவனுக்கும் நான் பாவி ஆகக் கூடாது. விருத்தாம்பாள் இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, மாமா இவ்வளவும் எழுதணுமா என்கிறாள். எழுதம்மா என்று சொல்லியிருக்கிறேன்.

வேலையில் கோபப்படாதே. பிள்ளைகளைக் கடற்கரைக்குத் தனியாக விடாதே. வீரம்மாளுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருக்க அம்மன் துணை இருப்பாள். பதில் காகிதத்தில் நான் கேட்டதை முதல் வரியிலேயே எழுது. செல்லாது என்று நீ எழுதினால், அன்றைக்குக் கொடுக்காதது ஒரு வகையில் சரிதான் என்று எனக்குத் தூக்கம் வரும். அதற்காக அப்படி எழுதிவிடாதே, உள்ளதை எழுது.

இப்படிக்கு
உன் அப்பா
வைத்திலிங்கம்