நடுவில் அவர்

டொராண்டோ
12-1-1975

என் அன்னம் அக்காவுக்கு,

இதை நீ மட்டும் படி, அத்தான்கிட்டக்கூடக் காட்டாதே. எதிர் வீட்டு ஜமைக்காக்காரம்மாதான் தபால்ல போடுறாங்க. எல்லாம் சைகையிலேயே சொல்லிட்டேன், என் சாமர்த்தியத்தப் பாத்துக்க.

மூணு மாசமாத் தூக்கமில்லக்கா. அரிசியக் களைஞ்சுட்டு அடுத்து என்ன செய்யணும்னு தெரியாம நிக்கிறேன். பயந்துபோய் அவரே மனசு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனார். எனக்கு இங்கிலீஷ் வராது, அந்த டாக்டரம்மாவுக்குத் தமிழ் வராது, நடுவுல இவர். அந்தம்மா நீளமா என்னவோ கேட்டாங்க. இவர் என்னைப் பாத்து, "வீட்ல ஒரு குறையும் இல்லதானேன்னு கேக்குறாங்க"ன்னார். நான் என்னத்தச் சொல்ல? "இல்லைங்க"ன்னேன்.

குறை இருக்குக்கா. கோவம் வந்தா இவர் பேசுறதில்ல. குழம்புல உப்பு கூடினதுக்குப் பதினெட்டு நாள் பேசல. 'பால் தீர்ந்தது'ன்னு சீட்டு எழுதி வச்சிட்டு ஒஷாவாவுக்கு வேலைக்குப் போயிடுவார். இந்த ஊர்ல எங்கூடத் தமிழ் பேச வேற யாருமில்ல. எனக்குக் குரல் இருக்கான்னே சந்தேகம் வந்து, குழாயத் தெறந்து விட்டுட்டுத் தனியாப் பேசிப் பாக்கிறேன்.

இதையெல்லாம் உன் டீச்சர் சிநேகிதிகிட்டச் சொல்லி இங்கிலீஷ்ல ஒரு பக்கம் எழுதி வாங்கி, எதிர் வீட்டு விலாசத்துக்கு அனுப்பு. டாக்டரம்மா கையில நானே கொடுத்துடுறேன். மார்ச் மூணாந்தேதி திரும்ப வரச் சொல்லியிருக்காங்க.

உன்னையே நம்பியிருக்கிற
சாந்தா


கும்பகோணம்
2-2-1975

சாந்தாக் கண்ணு,

உன் கடுதாசி வந்த அன்னைக்கு நான் சாப்பிடல. டீச்சர் வீட்டு வாசல் வரைக்கும் போனேன், உள்ள போகக் கால் வரலடி. புருஷனப் பத்தி வெள்ளைக்காரிக்கு எழுதிக் கொடுத்தா நாளைக்கு உன்னை யார் பாத்துக்குவா?

அதான் மாப்பிள்ளைக்கே எழுதிட்டேன். உன் கடுதாசியையும் உள்ள வச்சேன். உன் கையெழுத்துல படிச்சா மனசு இளகாதா? அவர் கெட்டவர் இல்ல. உன்னை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனவர்தானே. இனிமே பேசுவார் பாரு.

நீயும் உப்ப மட்டும் பாத்துப் போடு.

அக்கா
அன்னம்


டொராண்டோ
5-3-1975

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். இங்கே பனி இன்னும் குறையவில்லை. எனக்கு உடம்பு தேறிவிட்டது. டாக்டரிடம் போவதை நிறுத்திவிட்டோம். முன்பு எழுதியதெல்லாம் நோயில் எழுதியது, தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். மாதக் கடைசியில் ஒஷாவாவுக்கே வீடு மாறுகிறோம்.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
சாந்தா

அண்ணி அவர்களுக்கு வணக்கம். படித்தால் சாந்தாவுக்குத் தலை வலிக்கிறது. இனி அவளுக்கு எழுதுவதை என் பெயருக்கே எழுதுங்கள். நான் படித்துச் சொல்கிறேன்.

மோகனசுந்தரம்