எண்ணிக்கை எழுதாத லேகியச் சீட்டு

அன்பு மகள் சுபாஷினிக்கு, பினாங்கிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே அப்பா, அண்ணன் ஹரீஷ், பேத்தி தனுஜா எல்லாரும் சுகம். தனுஜா ஆறு வயதிலேயே மூன்று மொழி பேசுகிறாள், என்னைப்போல் கெட்டிக்காரி. மெல்பர்னில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் நன்றாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. பிரசவ லேகியத்துக்கு நான் எழுதி அனுப்பிய சீட்டில் முன்பக்கம் இருந்த ஏழு சாமானை மட்டும் வாங்கிவிட்டு, பின்பக்கம் இருந்த நாலை விட்டுவிட்டாய். அதற்கு உன் பக்கத்து வீட்டு யூதப் பாட்டி ரிவ்கா, உன் அம்மா சீட்டின் தலையிலேயே பதினொன்று என்று எழுதியிருக்க வேண்டும் என்றாளாம். அவர்கள் சட்டப் புத்தகத்தில் அப்படித்தானாம். ஓய்வு நாளில் செய்யக்கூடாத வேலைகள் நாற்பதுக்கு ஒன்று குறைவு என்று எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொன்றாகச் சொல்வார்களாம். அப்போதுதான் ஒன்று விட்டுப்போனால் தெரியும், யாரும் சொந்தமாக ஒன்றைச் சேர்க்க முடியாது, மறந்துபோய் எல்லாவற்றையும் செய்தவனும் ஒரே தப்பு என்று தப்பிக்க முடியாது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டுமாம். இதைச் சொன்னபோது உன் குரலில் இருந்த சந்தோஷத்தை, என்னோடு பேசும்போது நான் ஒருநாளும் கேட்டதில்லை. நான் ஐந்தாம் வகுப்பு, அவள் படித்தவள். அப்பாவிடம் சொன்னால், அந்தம்மா சொன்னது சரிதான்லா, நீ ஏன் பொங்குற என்று சிரிக்கிறார்.

சரியாகவே இருக்கட்டும். புதுச் சீட்டில் மேலே பதினொன்று என்று போட்டு இதோடு வைத்திருக்கிறேன். அந்தச் சட்டப்படியே இதையும் எழுதுகிறேன், உன்மேல் எனக்கு வருத்தம் மூன்று. வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் வீட்டில் சாப்பிடுகிறாய். அவள் சுட்ட ரொட்டியைப் போட்டோ எடுத்து அனுப்புகிறாய், நான் அனுப்பிய ஊறுகாயைத் திறந்தாயா என்றுகூடத் தெரியவில்லை. அவளை ரிவ்காம்மா என்று கூப்பிடுகிறாய். மூன்றுக்கும் சேர்த்து ஒரு சாரி சொல்லித் தப்பிக்கப் பார்க்காதே. எழுதி முடித்த பிறகுதான் தெரிகிறது, பெரியதை விட்டுவிட்டேன். எண்ணிக்கை சொன்ன பிறகு சேர்க்கக்கூடாது என்பது அவர்கள் சட்டம், நான் உன்னைப் பெற்றவள், சேர்க்கிறேன். பிரசவ அறைக்குள் இரண்டு பேரைத்தான் விடுவார்கள் என்று, மாப்பிள்ளை பெயரையும் அவள் பெயரையும் கொடுத்துவிட்டாயாமே. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, தடுமாறுவார் என்று ஹரீஷிடம் சொன்னாயாம். அவனை நான் பெற்றபோது மலாய் நர்ஸ் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை, பிள்ளை பிறக்காமலா போய்விட்டான்? பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன். அவள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைக் கொடு.

நேரத்துக்குச் சாப்பிடு, இரும்பு மாத்திரையை மறக்காதே. சுகமாகப் பெற்றுப் பிழைத்து, நிறைந்த ஆயுசோடு இரு. அந்த அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல், நல்லவளாகத்தான் இருப்பாள். ஆனால் பிள்ளையை முதலில் அவள் கையில் கொடுத்துவிடாதே.

உன்னைப் பெற்ற அம்மா,
அ. வள்ளியம்மா