மித்ராவிடம் பேச ஆறு வாக்கியங்கள்

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்தே காற்று. அம்மா மண்டபம் ரோடு முழுக்கப் புழுதி. லேப்பில் ரத்தம் கொடுக்கக் கூட்டம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்பானிஷ், பாடம் மூன்று.

ஆங்கிலம் தெரிந்தால் பாதி ஸ்பானிஷ் வந்த மாதிரி என்கிறது புத்தகம். உண்மைதான் போல. ஃபமிலியா, அனிமால், ஓஸ்பித்தால், எலெஃபாந்தே.

மகள் மித்ராவுக்கு ஏழு வயது. விவாகரத்துக்குப் பிறகு சுதா அவளைக் கூட்டிக்கொண்டு மாட்ரிட் போனபோது மூன்று. ஸ்கூலில் ஸ்பானிஷ். வீட்டில் சுதாவின் புதுக் கணவரிடமும் அதுதான். ஞாயிறு வீடியோ காலில் நான் தமிழில் கேட்பேன், அவள் அம்மா முகத்தைப் பார்ப்பாள். சுதா அவளிடம் கேட்டு எனக்குச் சொல்வாள். "ஸ்கூல் நல்லா போகுதாம்." ஐந்து நிமிடம்.

ஜூன் 12, வியாழன்

தெங்கோ = என்னிடம் இருக்கிறது.
எஸ்தா = ஓரிடத்தில் இருக்கிறது.
அப்லோ, அப்லாஸ் = பேசுகிறேன், பேசுகிறாய்.

வினைச்சொல்லின் வாலைப் பார்த்தாலே யார் என்று தெரிந்துவிடும், தமிழ் மாதிரியே. 'நான்' போடவே வேண்டாம். இது பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குத் தயார் செய்தவை:
எல் எலெஃபாந்தே எஸ்தா என் எல் தெம்ப்ளோ. யானை கோயிலில் இருக்கிறது.
தெங்கோ உனா ஃபோதோ. என்னிடம் ஒரு போட்டோ இருக்கிறது. (யானையைப் பார்த்து அவள் அழுதது. இரண்டு வயதில்.)
மற்ற நாலும் பழம், நிறம், சாக்லேட்.

ஏழாவதாக ஒன்று. சொய் து பாப்பா. நான் உன் அப்பா. தமிழில் எழுதினால் பாப்பா என்று வருகிறது. அடித்துவிட்டேன். இது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா என்ன.

ஜூன் 14, சனி

அக்கா வீடு, கே.கே. நகர். கீரை ஆய்ந்துகொண்டே, "எதுக்குடா இந்த வயசுல கெடந்து படிக்கிற? தமிழ்லயே பேசு. அவ கத்துக்கட்டும்."

"வாரத்துக்கு அஞ்சு நிமிஷத்துலயா அக்கா?"

அக்கா அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தாள்.

சலூன். நீலச் சட்டை தேய்த்தாயிற்று.

ஜூன் 15, ஞாயிறு

மாலை 4.30. அங்கே மதியம் ஒன்று. சுதா போனை மேஜையில் சாய்த்து வைத்துவிட்டு மித்ராவைக் கூப்பிடப் போனாள். திரையில் வெறும் சுவர். உள்ளேயிருந்து மித்ராவின் குரல்:

"தெங்கோ கே அப்லார் கோன் எல் செஞோர் தெல் தெலெஃபோனோ?"

அப்லார், பேச. செஞோர், சார். தெலெஃபோனோ, போன். யாரும் சொல்லித் தராமல், முதல் தடவையாக, எனக்கே புரிந்தது. அந்தச் சந்தோஷம் ஒரு நொடி இருந்தது. பிறகுதான் அந்த சார் நான் என்று உறைத்தது.

வந்து உட்கார்ந்தாள். முன்பல் விழுந்திருக்கிறது. எழுதி வைத்த ஆறில் ஒன்றும் வாயில் வரவில்லை. "சாப்பிட்டியாம்மா" என்றேன். அம்மா முகத்தைப் பார்த்தாள்.

ஜூன் 16, திங்கள்

லேப்பில் ஒரு லேபிள் மாற்றி ஒட்டிவிட்டேன். நல்லவேளை, உடனே பார்த்துத் திருத்தியாயிற்று.

'தெங்கோ கே' பாடம் ஆறில் இருக்கிறது. தெங்கோவுக்குப் பின்னால் கே வந்தால் 'செய்தே ஆகவேண்டும்'. போன்ல வர்ற சார்கிட்ட நான் பேசியே ஆகணுமா. அதுதான் கேட்டிருக்கிறாள்.

கோபம் இல்லை. சின்ன வயதில் என்னையும் இப்படித் தெரியாதவர்கள் முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள்.

புது வாக்கியம். நோ எஸ் நெசெசாரியோ. கட்டாயம் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கிறார்கள்.

4.30. சுதா அடுப்படியில். மித்ரா மட்டும் திரையில்.

"மித்ரா, நோ எஸ் நெசெசாரியோ அப்லார். எஸ்தா பியென்." பேசணும்னு கட்டாயம் இல்லம்மா, பரவாயில்லை.

நேராக என்னைப் பார்த்தாள். "அப்லாஸ் எஸ்பஞோல்?" ஸ்பானிஷ் பேசுவீங்களா?

"உன் போகோ." கொஞ்சம்.

"தே வெர்தாத்?" நிஜமாவா? எதைக் கேட்டாள், நான் ஸ்பானிஷ் பேசுவதையா, பேச வேண்டாம் என்றதையா? "சி" என்றேன். ஆமாம்.

சிரித்தாள். நாற்காலியிலிருந்து குதித்து ஓடிவிட்டாள்.

சுதா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்ன சொன்னீங்க அவகிட்ட? இவ்வளவு குஷியா ஓடுறா."

"சும்மா. யானை பத்தி."

ஜூன் 29, ஞாயிறு

வெயில். மதியம் சுதாவிடமிருந்து மெசேஜ். "இன்னைக்கு வேணாங்க. மித்ரா வர மாட்டேங்கிறா. பேச வேண்டாம்னு நீங்களே சொன்னீங்களாம். அப்படியா?"

ஆமாம் என்று பதில் போட்டேன். குழந்தை பொய் சொன்னதாக ஆகிவிடக் கூடாது.

பிழையில்லாமல் நான் சொன்ன வாக்கியம் அது ஒன்றுதான்.

சாயங்காலம் அக்கா வீடு. மணப்பாறை முறுக்கு வாங்கி வைத்திருந்தாள். "குட்டிக்குப் பார்சல் போட்டுடு. இன்னைக்குப் பேசினியா?"

"ம்."

"என்ன சொன்னா?"

"நல்லா இருக்காளாம்."

அட்டைப்பெட்டி மேல் விலாசம் எழுதினேன். மித்ரா என்பதற்கு முன்னால் இனிஷியலாக என் பெயரின் முதல் எழுத்து. அங்கே அவளுக்கு இனிஷியல் எல்லாம் உண்டா தெரியவில்லை. போட்டேன்.